இரண்டு ஏக்கருக்கு எந்த டிராக்டர்?

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் முப்பது வருஷம் இயந்திரத்தோடு பழகியவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், சொந்த நிலத்தில் கொஞ்சம் பயிர் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் அது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பலருக்குப் பரம்பரை நிலம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் இருக்கும். இத்தனை நாளாக அண்ணனோ தம்பியோ பார்த்துக் கொண்டிருந்திருப்பார்கள். இல்லாவிட்டால் குத்தகைக்கு விட்டிருப்பார்கள்.

இப்போது கையில் பி.எப். பணம் வருகிறது. கிராஜுவிட்டி வருகிறது. ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. மாடு வைத்துக் காப்பாற்ற முடியாது. "ஒரு சின்ன டிராக்டர் வாங்கிவிட்டால் என்ன?" என்று மனம் சொல்கிறது.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பணம் ஒரு முறைதான் வரும். மகள் கலியாணத்துக்கும் அதுதான். முதுமைக்கும் வைத்தியத்துக்கும் அதுதான். அதைக் கொண்டுபோய் ஒரு வண்டியில் போடுவதற்கு முன், குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

விற்பனைக் கடையில் என்ன நடக்கிறது? புருஷனும் மனைவியும் போகிறார்கள். இருபது குதிரை சக்தி வண்டியைப் பார்க்கிறார்கள். விற்பனையாளர் ஓடி வருகிறார்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பெரிய வண்டியே வந்துவிடும். இதைப் போய் வாங்குவீர்களா?" என்கிறார்.

புருஷனுக்கு மனம் அசைந்துவிடுகிறது. மனைவி மெதுவாகக் கேட்கிறாள்: "ஏங்க, நம்ம வரப்புல அது திரும்புமா?"

அந்த அம்மாள் கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி! கடையில் யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை.

நம் ஊருக்குப் புதிது அல்ல

வட சென்னைக்காரர்களுக்கு டிராக்டர் அந்நியப் பொருள் அல்ல. பெரம்பூரை அடுத்த செம்பியத்துக்கும் டிராக்டருக்கும் நெடுநாள் உறவு. மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யும் டாபே கம்பெனி 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதற்கு என்ஜின் செய்து கொடுத்த சிம்சன் கம்பெனியும் செம்பியத்தில்தான். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்த தொழிற்சாலை, 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியவர்கள்தான், பிறகு எம்.ஆர்.எப். என்ற பெயரில் டயர் செய்தார்கள். டிராக்டர் டயரும் அவர்கள் செய்கிற சரக்குகளில் ஒன்று.

ஆகவே கியர் எது, கிளட்ச் எது என்று நம் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். லாரிக்கு என்ஜின் பூட்டியவருக்கு டிராக்டர் ஒரு பொம்மை. அவர் ஏமாறுகிற இடம் வேறே. நிலத்தின் அளவையும் வண்டியின் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் ஏமாறுகிறார்.

2015-16-ல் எடுத்த விவசாயக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 85 சென்ட். அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. இங்கே அரை ஏக்கர், ஏரிக்கு அப்பால் முக்கால் ஏக்கர் என்று சிதறிக் கிடக்கும். நாற்பத்தைந்து குதிரை சக்தி வண்டி அப்படிப்பட்ட வயலில் இறங்கினால், உழுவதை விடத் திரும்புவதற்கே அதிக நேரம் பிடிக்கும். நான்கு மூலையிலும் உழாத மண் நின்றுவிடும். அதைப் பிறகு மண்வெட்டியால் கொத்த வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

சின்ன டிராக்டரின் பின்னால் ஒரு மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டர் மாட்டியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ரோட்டவேட்டர் என்றால் மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை. வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு மணி நேரத்தில் 3,000 சதுர மீட்டர் உழும். திரும்புகிற நேரம், நிற்கிற நேரம் என்று கால் பங்கைக் கழித்துவிடுங்கள். 2,250 சதுர மீட்டர் மிச்சம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு ஏக்கரை ஒரு முறை உழ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி, இரண்டு மணி நேரம் ஆகும்.

இரண்டு ஏக்கர் இருந்தால் நான்கு மணி நேரம். ஒரு போகத்துக்கு இரண்டு உழவு என்றால் எட்டு மணி நேரம். வருஷத்தில் இரண்டு போகம் என்றால் பதினாறு மணி நேரம்.

வருஷம் முழுவதற்கும் பதினாறே மணி நேரம்! மீதி நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். சின்ன டிராக்டரும் கருவிகளும் சேர்ந்து நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பத்து வருஷம் கழித்து விற்றால் நாற்பதாயிரம் கிடைக்கட்டும். அப்படியானால் வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய் தேய்மானம். அந்தப் பணத்துக்கு வட்டி, சராசரியாக வருஷத்துக்கு இருபத்திரண்டாயிரம். இரண்டும் சேர்த்தால் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். இதில் டீசல் சேரவில்லை. டிரைவர் கூலி சேரவில்லை. ரிப்பேர் சேரவில்லை.

ஐம்பத்தெட்டாயிரத்தைப் பதினாறு மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர உழவுக்கு 3,625 ரூபாய் ஆகிறது. உங்கள் ஊரில் டிராக்டர் வாடகை மணிக்கு எவ்வளவு என்று கேட்டுக் கொண்டு வந்து இதன் பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அதே வண்டி வருஷத்தில் 300 மணி நேரம் ஓடினால் என்ன ஆகும்? மணிக்கு 193 ரூபாய்தான் ஆகும். 500 மணி நேரம் ஓடினால் 116 ரூபாய்தான். வண்டி அதேதான். விலையும் அதேதான். ஓடுகிற நேரம்தான் வேறே. நிபுணர்கள் டிராக்டர் செலவுக் கணக்குப் போடும்போது, ஒரு டிராக்டர் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓடும் என்றே வைத்துக் கொள்வது வழக்கம்.

நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வருஷத்துக்கு முந்நூறு மணி நேரமாவது வேலை கிடைக்கும் என்று நிச்சயமாகத் தெரியாதவர், தனியாக டிராக்டர் வாங்கக் கூடாது. பி.எப். பணத்தை எடுத்து வாங்கவே கூடாது.

அப்படியானால் உழவு?

வாடகைக்கு எடுக்கலாம். தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை, குறைந்த வாடகைக்கு டிராக்டரும் கருவிகளும் கொடுக்கிறது. உழவன் செயலி மூலம் கைப்பேசியிலேயே கேட்கலாம். கைப்பேசியில் எழுத்து வாசிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். 2021-ல் கொரோனா நோய் பரவியபோது, டாபே கம்பெனி சிறு விவசாயிகளுக்கு வாடகையே வாங்காமல் டிராக்டர் கொடுத்து உழுதுவிட்டது. அதனால் பயன் பெற்றவர்கள், வாடகை வண்டியிலும் பயிர் விளையும் என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

வாடகை வண்டியில் ஒரு கஷ்டம் உண்டு. மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். உங்கள் முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். திருவள்ளூர் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் உண்டு. ஒரு பட்டத்தில் பத்து நாள் பிந்தினால் அடுத்த பட்டமும் பிந்தும். வாடகையில் மிச்சம் பிடித்ததை விளைச்சலில் விட்டுவிட நேரும். இதை மறைத்துப் பேசுவது நியாயம் அல்ல.

அதற்கு ஒரு வழி, கூட்டாக வாங்குவது. அடுத்தடுத்து நிலம் உள்ள ஆறு, ஏழு குடும்பங்கள் சேரலாம். எல்லாம் சேர்ந்தால் பதினைந்து ஏக்கர் வரும். சொந்த உழவே நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்ச நேரம் அக்கம் பக்கத்தில் வாடகைக்கு ஓட்டலாம். ஆனால் ஒன்று: யார் ஓட்டுவது, யார் வயலில் முதலில் இறங்குவது, டயர் கிழிந்தால் யார் பணம் போடுவது என்பதை வண்டி வாங்குவதற்கு முன்பே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுத வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும்!

காசிமேட்டுக்காரரைக் கேளுங்கள்

சரி, கணக்கு ஒத்து வருகிறது. வாங்கத்தான் போகிறோம் என்று வைத்துக் கொள்வோம். முதலில் எதைப் பார்ப்பது?

ராயபுரத்தில் காசிமேட்டு மீனவரைக் கேளுங்கள். அவர் முதலில் என்ன மீன் பிடிக்கப் போகிறோம் என்று பார்ப்பார். அதற்கு எந்த வலை என்று பார்ப்பார். அந்த வலைக்கு எந்தப் படகு, அந்தப் படகுக்கு எந்த என்ஜின் என்று பார்ப்பார். சின்ன பைபர் படகில் விசைப்படகின் என்ஜினை ஏற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

விவசாயத்திலும் அதே வரிசைதான். முதலில் மண், பயிர். பிறகு அதற்கு வேண்டிய கருவி. கடைசியில்தான் டிராக்டர். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வண்டியை வாங்கி மாலை போட்டுப் பூஜை செய்கிறோம். பிறகு, "இதற்கு என்ன கலப்பை மாட்டலாம்?" என்று கேட்கிறோம்.

கலப்பையும் டிராக்டரும் ஒரே இயந்திரமாக இருக்க வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஹாரி பெர்குசன். அயர்லாந்து தேசத்தில் ஒரு விவசாயி வீட்டில் 1884-ல் பிறந்தவர். அவர் காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால், வண்டியில் மாடு கட்டுவது போலச் சங்கிலியால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டிக் கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் மேலே தூக்கும். அப்படியே பின்னால் குப்புற விழுந்து ஓட்டுகிறவரை நசுக்கிவிடும். எத்தனையோ பேர் அப்படிச் செத்தார்கள்.

பெர்குசன் பல வருஷம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. இந்த மூன்று இடத்தில் கலப்பையை டிராக்டரோடு பூட்டினார். எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் செய்தார். மண் கடினமாக இருந்தால் கலப்பை தானாகவே கொஞ்சம் மேலே வரும். வண்டி தூக்காது. கலப்பையின் பாரம் பின் சக்கரத்தில் இறங்குவதால் சின்ன வண்டியே பெரிய வேலை செய்தது. 1936-ல் அவருடைய டிராக்டர் கடைக்கு வந்தது. 1939-ல் ஹென்றி போர்டு அந்த முறையில் அமெரிக்காவில் டிராக்டர் செய்தார். 1953-ல் பெர்குசனின் கம்பெனி கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. பெர்குசன் இறந்தது 1960-ல். அதே வருஷத்தில்தான் மாஸி பெர்குசன் டிராக்டர் செய்ய டாபே தொடங்கப்பட்டது. இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லா டிராக்டரின் பின்புறத்திலும் அந்த மூன்று கைகளைப் பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பின்புறத்தைத்தான். முன்னால் இருக்கும் பெயிண்டையும் விளக்கையும் பிறகு பார்க்கலாம்.

மண்ணுக்கு ஏற்ற எடை

பொன்னேரிப் பக்கம் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டு வந்து போட்ட மண். கடலை நெருங்க நெருங்க மணல் கூடும். உள்ளே போனால் களிமண் வயல்கள் உண்டு. நெல் வயலில் மேலே ஒரு சாண் சேறு இருக்கும். அதற்குக் கீழே பல வருஷ உழவில் இறுகிப் போன ஒரு தட்டு இருக்கும். தண்ணீர் கீழே இறங்கிப் போகாமல் பிடித்து வைப்பது அந்தத் தட்டுதான்.

நாற்பத்தைந்து குதிரை சக்தி டிராக்டர் ஏறக்குறைய இரண்டு டன் எடை இருக்கும். இளகிய வயலில் அது இறங்கினால் தட்டை உடைத்துக் கொண்டு உட்கார்ந்துவிடும். அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும். அந்தப் பள்ளம் இரண்டு மூன்று போகத்துக்குத் தெரியும். இருபது குதிரை சக்தி வண்டியோ எண்ணூறு கிலோ, ஆயிரம் கிலோதான் இருக்கும். சேற்றுழவுக்குப் பின் சக்கரத்தில் இரும்புக் கேஜ் வீல் மாட்டினால் மிதந்து போகும். ஆனால் கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. ரோடும் பாழ், சக்கரமும் பாழ். வயல் வரப்பில் மாட்டி, வரப்பிலேயே கழற்ற வேண்டும்.

ஜப்பான் தேசத்திலும் நம்மைப் போலத் துண்டு துண்டான நெல் வயல்கள்தான். குபோட்டா கம்பெனி 1960-ல் அங்கே தன் முதல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அது பதினைந்து குதிரை சக்தி அளவுதான். அவர்கள் பெரிய வண்டிக்கு ஆசைப்படவில்லை.

இன்று நம் கடைகளில் மகிந்திரா, ஸ்வராஜ், வி.எஸ்.டி., குபோட்டா, மாஸி பெர்குசன் என்று பல கம்பெனிகளின் சின்ன டிராக்டர்கள் கிடைக்கின்றன. பதினைந்து முதல் இருபத்தெட்டு குதிரை சக்தி வரை இருக்கின்றன. எது நல்லது என்று நாம் சொல்லப் போவதில்லை. உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் கம்பெனியின் மெக்கானிக்கும் உதிரிச் சாமானும் இருக்கின்றனவோ அதுவே உங்களுக்கு நல்லது. நடவுக் காலத்தில் ஒரு சின்ன வாஷருக்காக நான்கு நாள் வண்டி நின்றால், அந்த நஷ்டத்தை எந்தக் கம்பெனியும் தராது.

ஒரு ஏக்கருக்கும் குறைவாக இருந்தால் பவர் டில்லர் போதும். கையால் பிடித்துக் கொண்டு நடக்க வேண்டும், உடம்பு அலுத்துப் போகும். அறுபது வயதுக்காரர் இதையும் யோசிக்க வேண்டும்.

டேப்பை எடுத்துக் கொண்டு போங்கள்

இனிக் கருவிகள். இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

என்ஜினின் குதிரை சக்தி முழுவதும் கருவிக்குப் போய்ச் சேராது. பின்புறத்தில் சுழலும் தண்டை மெக்கானிக்குகள் பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டவேட்டரைச் சுற்றுவது அந்தத் தண்டுதான். என்ஜின் இருபது குதிரை சக்தி என்றால், அந்தத் தண்டுக்கு ஏறக்குறையப் பதினேழுதான் வரும். ஆகவே கடைக்காரரிடம், "பி.டி.ஓ.வில் எத்தனை குதிரை சக்தி?" என்று கேளுங்கள். கேட்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

ரோட்டவேட்டரின் அகலம் பதினைந்து, பதினெட்டு குதிரை சக்தி வண்டிக்கு மூன்றடிக்குள் இருக்கட்டும். இருபது முதல் இருபத்தைந்து வரை உள்ள வண்டிக்கு மூன்றரை அடி, மிஞ்சிப் போனால் நான்கு அடி. ஐந்தடி ரோட்டவேட்டருக்கு முப்பத்தைந்து குதிரை சக்தி வேண்டும். "மலிவாக வருகிறது" என்று பெரியதை வாங்கிச் சின்ன வண்டியில் மாட்டினால் என்ஜின் திணறும், டீசல் கொட்டும்.

ரொம்பச் சின்னதாகவும் இருக்கக் கூடாது. பின் சக்கரங்களின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் டேப்பால் அளந்து பாருங்கள். ரோட்டவேட்டர் அந்த அகலத்தை மூட வேண்டும். மூடாவிட்டால் சக்கரம் மிதித்த தடம் உழாமல் கடினமாகக் கிடக்கும். சின்ன வண்டியின் சக்கரங்களை உள்ளும் வெளியுமாக மாற்றிப் பூட்டி அகலத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். வேர்க்கடலை, கத்தரி, மல்லிகை போடுகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். பயிர் வரிசைக்கு நடுவில் வண்டியே புகுந்து களை எடுத்துவிடும்.

கொழுக் கலப்பை வாங்கினால் ஐந்து கொழு போதும். ஊரில் பார்க்கிற ஒன்பது கொழுக் கலப்பை பெரிய வண்டிக்கு உரியது. ரோட்டவேட்டர் இருக்கும்போது கலப்பை எதற்கு என்று கேட்கலாம். எப்போதும் ரோட்டவேட்டரையே ஓட்டினால் மண் மாவாகிவிடும். கீழ்மண் இறுகிப் போகும். முதல் புழுதி உழவைக் கொழுக் கலப்பையால் ஓட்டுங்கள். கடைசி உழவுக்கு மட்டும் ரோட்டவேட்டரை மாட்டுங்கள். மண்ணும் நன்றாக இருக்கும், ரோட்டவேட்டரின் கத்தியும் சீக்கிரம் தேயாது. மணல் கலந்த மண்ணில் கத்தி சீக்கிரம் தேயும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பழைய கருவி வாங்குகிறவர்கள், பூட்டுகிற பின்னின் கனத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ரகத்தில் கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர் கனம். பெரிய ரகத்தில் 28 மில்லிமீட்டர். கனத்த பின் சின்ன வண்டியின் ஓட்டையில் நுழையாது. மெல்லிய பின் பெரிய ஓட்டையில் ஆடும். ஆடினால் உடையும்.

வண்டியைக் கருவியோடு சேர்த்து இணைக்கும் தண்டின் நீளமும் சரியாக இருக்க வேண்டும். நீளம் கூடினால், கருவியைத் தூக்கும்போது கியர் பெட்டியைக் குத்திவிடும். குறைந்தால் ஓடும்போதே கழன்று போகும். கருவி வாங்கும்போது உங்கள் வண்டியில் மாட்டி, மேலே தூக்கி, கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறதா என்று குனிந்து பாருங்கள். எழும்பினால் கருவி அந்த வண்டிக்குக் கனம். முன்னால் எடைக்கட்டி மாட்டிச் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கருவி வேண்டாம்.

டிரெய்லரைப் பற்றி ஒரு வார்த்தை. "டிரெய்லர் வாங்கினால் வாடகைக்குச் சரக்கு ஓட்டிச் சம்பாதிக்கலாம்" என்பார்கள். விவசாயத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்குச் செங்கல்லும் மணலும் ஏற்றினால் சட்டச் சிக்கல் வரும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம். மணலி ரோட்டிலும் எண்ணூர் ரோட்டிலும் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகின்றன என்பது நமக்குத் தெரியும். அவற்றின் நடுவே எண்ணூறு கிலோ வண்டியில் இரண்டு டன் பாரத்தை இழுத்துக் கொண்டு போவது உயிரோடு விளையாடுவது.

வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டியது

பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது ஒரு விநாடியில் ஒன்பது சுற்று. வேட்டி முனையோ, துண்டோ, புடவைத் தலைப்போ, தாவணியோ அதில் பட்டால், "ஐயோ" என்று சொல்வதற்குள் ஆளையே இழுத்துச் சுற்றிவிடும். கை போனவர்கள் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு. தண்டின் மேல் ஒரு மூடி இருக்கும். "இது இடைஞ்சல்" என்று அதைக் கழற்றி எறிகிறார்கள். கழற்றக் கூடாது. உழவு நடக்கும்போது சாப்பாடு கொண்டு போகிற பெண்கள், என்ஜினை நிறுத்தும் வரை தூரத்தில் நிற்க வேண்டும்.

பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டாதீர்கள். குழந்தைக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஒரு குலுக்கலில் அது விழுகிற இடம் பின் சக்கரத்துக்கும் ரோட்டவேட்டருக்கும் முன்னால்.

டிராக்டரில் இரண்டு பிரேக் மிதி உண்டு. இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயலில் திரும்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்து ஒரு கொக்கியால் பூட்ட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி கவிழ்ந்துவிடும். லாரி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. அவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் டிராக்டர் நிலையம் இருக்கிறது. அது 1955-ல் தொடங்கப்பட்டது. டிராக்டர்களை ஓட்டிப் பார்த்து அங்கே அறிக்கை தருகிறார்கள். பி.டி.ஓ.வின் சக்தி எவ்வளவு, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ தூக்கும், பிரேக் எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். விளம்பரக் காகிதத்தில் இருப்பதற்கும் அறிக்கையில் இருப்பதற்கும் சில சமயம் வித்தியாசம் இருக்கும். அறிக்கை இங்கிலீஷில் இருக்கும். கல்லூரி போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எண்களை மட்டும் குறித்துக் கொண்டால் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. விலைப்பட்டியலில் அந்தக் குறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விவசாய இயந்திரங்களுக்கு மானியமும் உண்டு. 2014-15-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், சிறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் ஒரு வரம்புக்கு உட்பட்டு விலையில் பாதி வரை கிடைக்க வழி வைத்தார்கள். நிலம் மனைவி பெயரில் இருந்தால் மனைவி பெயரிலேயே விண்ணப்பம் போடலாம். ஆனால் மானியம் வரும் என்று நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகுதான் வண்டி. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். நடுவில் யாராவது, "நான் வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் தள்ளி வையுங்கள்.

திருவள்ளூருக்கு அருகில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். உங்கள் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கொண்டு போனால் இன்னும் நல்லது.

கடைசியாகக் கடைக்காரரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். "வண்டியையும் ரோட்டவேட்டரையும் எங்கள் வயலுக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீர் கட்டி வைத்திருக்கிறோம். கால் ஏக்கர் உழுது காட்டுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறோம்" என்று சொல்லுங்கள். வரும்போது மனைவியும் வரப்பில் நிற்கட்டும். மூலையில் வண்டி எத்தனை முறை முன்னும் பின்னும் போய்த் திரும்புகிறது என்று அவர் எண்ணிக் கொண்டிருக்கட்டும்.